மனநலப் பட்டியலில் மண்புழு

"முதுநிலை ஆய்வுத்தாக்க மதிப்பீட்டு அலுவலர்: நிறுவனத்தின் ஆய்வு வெளியீடுகளைப் பன்னாட்டுத் தரவுத்தளங்களின் துணைகொண்டு அளவிடுதல், மேற்கோள் போக்குகளை முன்கூட்டியே கணித்தல், உயர்மட்டக் குழுவுக்கு வியூக ஆலோசனை வழங்குதல் ஆகிய பொறுப்புகளை வகிப்பவர். தகவல் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். வெளிநாட்டு அனுபவம் உடையவர்."

மனநல ஆய்வு நிலையத்தின் கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இப்படி அச்சாகியிருந்தது. அந்தப் பதவியில் இருந்தவள் பள்ளியிறுதி வரை படித்தவள். தட்டச்சில் மேல்நிலை தேறியவள். அவள் வாழ்நாளில் வகுத்த வியூகம் என்று சொல்வதானால், பகல் பன்னிரண்டுக்குக் குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுவது ஒன்றுதான். வெளிநாட்டு அனுபவம் அவளுடைய மேசைமேல் இருந்த காகிதம் துளைக்கும் கருவிக்கு உண்டு. அதுவும் வந்த நாளிலிருந்து இரண்டு தாளுக்கு மேல் துளைத்ததில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பதவியை உண்டாக்கியபோது தகுதியுள்ள ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. தகுதியுள்ளவர்கள் மனநல ஆய்வு நிலையத்தின் வாசலில் நின்று பேருந்துக்குக்கூடக் காத்திருப்பதில்லை. அன்றைய இயக்குநர், "காகிதத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலைதானே? ரெக்கார்டு ரூம் அம்மாவைப் போடுங்க, தற்காலிகமா" என்றார். அரசாங்கத்தில் அழியாதது தற்காலிகம் ஒன்றுதான். அவளும் அழியாமல் இருந்தாள். அதற்கு முன் பத்தொன்பது ஆண்டுகள் நோயாளிகளின் கோப்புகளைக் காத்தவள். கோப்பு எண் வேண்டாம். "குளிக்கமாட்டேன்னு ஜன்னல்ல ஏறி உட்கார்ந்தாரே, அவரு" என்றால் போதும், அலமாரியின் எந்தத் தட்டு என்று கை தானாகப் போகும்.

அவளை எல்லோரும் எண்ணக்கா என்றார்கள். டாக்டர்கள் மாதம் ஒருமுறை கதவைத் தட்டி, "எண்ணக்கா, என் எண் எவ்வளவு ஆச்சு?" என்பார்கள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுகிறவர்களைப் போல, வயிற்றைக் கொஞ்சம் எக்கிக்கொண்டே கேட்பார்கள். அவளும் மருந்துக்கடைக்காரியைப்போல முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொல்வாள்.

எண் என்பது தாக்க எண். ஒரு டாக்டரின், அல்லது ஒரு நிலையத்தின், கட்டுரைகளை உலகத்தில் மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. முப்பத்தைந்து கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது முப்பத்தைந்து முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எண் முப்பத்தைந்து. ஒரே கட்டுரை ஆயிரம் முறை பேசப்பட்டாலும் எண் ஒன்றுதான். வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் தேறினால் அது படித்த குடும்பம் ஆகிவிடாது என்கிற அதே நியாயம். முப்பத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். அதற்குக் கீழே எல்லாம் இரண்டாம் தரம். எங்கள் நிலையம் நாற்பது என்று கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இந்த எண்ணுக்கும் ஊசிக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. வார்டிலிருந்து வீடு திரும்பிய நூற்று நாற்பது பேருக்கு ஒரு செவிலி வீடுவீடாகப் போய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போடுவாள். நடுவில் ஒருமுறை சும்மா பார்த்துவிட்டு வருவாள். இதைத் தொடங்கிய காலத்தில், நோயாளியின் வீட்டுக்குப் போய் ஊசி போட அனுமதி கேட்டால் கோப்பு நகராது என்றும், ஊசி போடுவதைப் பற்றி ஆராய அனுமதி கேட்டால் நகரும் என்றும் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் அது சிகிச்சை அல்ல, ஆய்வு. ஆய்வுத் திட்டம் முதல் தர நிலையங்களுக்கு மட்டும்தான்.

அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவன் எண்ணக்காவின் தம்பி.

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒருகாலத்தில் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். பிறகு மற்றவர்களுக்குத் தெரியாத பிழைகளும் அவன் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, சுவரிலும் வானத்திலும் திருத்தக்குறி போட்டுக்கொண்டு அலைந்தான். வார்டுக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். கடைசி முறை ஏழு மாதம். ஊசிக்காக வெளிநோயாளி வரிசையில் நிற்கப் பயந்து பாதி வழியில் திரும்பியதில் வந்த வினை அது. வீட்டுக்கே ஊசி வர ஆரம்பித்த பிறகு ஒன்பது ஆண்டுகளாக வார்டுப் பக்கம் போகவில்லை.

அக்கம்பக்கத்தில் எண்ணக்கா சொல்லிவைத்திருந்தது வேறு. அவள் வேலை பார்ப்பது "ஒரு லைப்ரரியில". தம்பி வெளியூரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். ஒன்பது ஆண்டு லீவு. வியாழக்கிழமைதோறும் சாதாரணச் சேலையில் துணிப்பையோடு வருகிற செவிலியைத் தெருவே தையல்காரி என்று முடிவு கட்டியிருந்தது. ஒருமுறை எதிர்வீட்டம்மாள் ரவிக்கைத் துணியை அவள் கையில் திணித்துவிட்டாள். செவிலி என்ன செய்வாள், வாங்கிக்கொண்டு போய் நாத்தனாரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். கை கொஞ்சம் இறுக்கம் என்று புகார் வேறு.

ஆண்டறிக்கைக்கு ஐந்து வாரம் இருந்தது. எண்ணக்கா பட்டியலை அச்செடுத்து, காற்புள்ளி அரைப்புள்ளி பார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். பட்டியல் நானூறு பக்கம். பதினோரு ஆண்டுகளாக அதை எல்லோரும் எண்ணியிருக்கிறார்கள், ஒருவரும் படித்ததில்லை. தம்பி எதைக் கண்டாலும் படிக்கிறவன். மாத்திரை அட்டையின் பின்பக்கம், தீப்பெட்டி, பழைய ரசீது, எல்லாம். அவள் தட்டைக் கழுவிவிட்டு வருவதற்குள் முப்பது பக்கம் தாண்டியிருந்தான்.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரியில மண்புழுவுக்கும் வைத்தியம் பார்க்கறாங்களா?"

"சாப்பிட்ட வாய்ல என்ன பேச்சு அது?"

"நான் சொல்லலக்கா, உன் பட்டியல் சொல்லுது. நூத்தி நாப்பத்தேழாவது. 'அமில மண்ணில் மண்புழுக்களின் தவிர்ப்பு நடத்தை.'"

"நடத்தைன்னு இருக்கில்ல? எலியை வச்சு ஆராய்ச்சி பண்றதில்லையா, அது மாதிரி இருக்கும்."

"சரி, அடுத்ததைக் கேளு. 'கடும் அழுத்தத்துக்கு ஆளான நிலக்கடலை.' நிலக்கடலைக்கு என்னக்கா அழுத்தம்? அதுக்கும் அக்கா வீட்ல உட்கார்ந்து சாப்பிடறோமேன்னு வருத்தமா?"

அவள் சிரித்தாள். ஈரக்கையோடு தாளை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டுரையின் அடியில் நிலையத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஒரு எழுத்துக் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எல்லாம் விளங்கியது. பேருந்தில் மூன்று மணி நேரத் தொலைவில் மண்நல ஆய்வு நிலையம் என்று ஒன்று இருக்கிறது. தமிழில் மனம் வேறு, மண் வேறு. சின்னப் பிள்ளைக்கும் நாக்கு வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது ணகரமும் னகரமும் ஒரே எழுத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. இது நிலையத்தில் யாருக்கும் தெரியாததல்ல. எங்கள் தபால் அங்கே போகும், அவர்கள் தபால் இங்கே வரும். ஒருமுறை வெளிநோயாளிப் பிரிவுக்கு ஒரு மூட்டை செம்மண் வந்து, அதற்கும் டோக்கன் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தபால் குழம்பும் என்று சிரித்த ஒருவருக்கும் கட்டுரையும் குழம்பும் என்று தோன்றவில்லை.

குழப்பியது யார் என்பதும் விளங்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம், தரவுத்தளம் ஒரு படிவத்தைக் காட்டியது. "கீழ்க்காணும் பெயர்களும் உங்கள் நிறுவனமேதானா?" இருபத்து மூன்று பெயர்கள். எங்கள் டாக்டர்கள் நிலையத்தின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறவர்கள். ஒரே டாக்டர் காலையில் ஒரு விதமும் மாலையில் ஒரு விதமும் எழுதுவார். ஒரு எழுத்துக் குறைந்ததையும் அப்படி யாரோ ஒரு அவசரக்காரர் வேலை என்று நினைத்து, இருபத்து மூன்றுக்கும் சரி, சரி, சரி என்று குறி போட்டுவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். மண்காரர்கள் நன்றாக எழுதுகிறவர்கள். அவர்களை உலகம் மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்தது. அவர்களை எடுத்துவிட்டால் எங்கள் எண் நாற்பது அல்ல, இருபத்தேழு.

அவள் மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நேர்மை உந்தித் தள்ளியது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் தெரியாமல் செய்த தப்பு தானாக வளரும், தெரிந்து செய்கிற தப்புக்குத் தினம் தண்ணீர் ஊற்றவேண்டும். ஒன்பது ஆண்டாக ஒரு லீவுக்கு ஊற்றிக்கொண்டிருப்பவளுக்கு அந்த வேலையின் களைப்பு தெரியும். நான்காம் நாள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் கெட்டவர் அல்ல. தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை எழுதி எழுதித் தானும் தூக்கத்தை மறந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் என் தம்பிக்கும் சார்."

"தம்பி என்ன பண்றார்?"

"லீவுல இருக்கான் சார்."

"குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்வாங்க" என்றார் இயக்குநர். "நமக்கு மீசை பூரா மண்ணு. பதினோரு வருஷமா." அவருக்கு மீசை கிடையாது என்பது அப்போது இருவருக்கும் உறைக்கவில்லை. "எடுத்துடுங்கம்மா. எடுக்கத்தான் வேணும். ஆனா முப்பத்தஞ்சுக்குக் கீழ வராம எடுங்க."

"அது எப்படி சார்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கதானே எண்ணக்கா!"

அன்றிலிருந்து அவள் காணாமல் போன பிள்ளைகளைத் தேட ஆரம்பித்தாள். ஊரான் பிள்ளை நூற்றுப் பன்னிரண்டை வைத்துச் சோறு போட்டதில், சொந்தப் பிள்ளைகள் எத்தனை தெருவில் நிற்கின்றன என்று பார்க்காமலே இருந்துவிட்டாள்.

தேடுவதில் ஒரு சிக்கல். நிலையத்துக்கு இதுவரை ஐந்து பெயர்கள். முதலில் பைத்தியக்காரர் விடுதி. அந்தச் சொல்லை ஊரார் வசவாக ஆக்கிக்கொண்டதால் மனநோய் மருத்துவமனை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் "மனநோய்" என்று கூப்பிட ஆரம்பித்ததும் மனநல மருத்துவமனை. அப்புறம் மனநல மையம். இப்போது மனநல ஆய்வு நிலையம். பலகை மாறிக்கொண்டே வந்தது. பேருந்து நடத்துநர் மட்டும் மாறவில்லை. இன்றும் முதல் பெயரைச் சொல்லித்தான் விசில் ஊதுகிறார், அதைக் கேட்டு எங்கள் ஊழியர்கள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்து வருகிறார்கள். வெட்கப்படாதே என்று ஊருக்குச் சொல்லும் கட்டடம் தானே ஐந்து முறை பெயரை மாற்றிக்கொண்டதால், அதன் கட்டுரைகள் ஐந்து பெயரில் சிதறிக் கிடந்தன.

அதைவிடப் பெரிய சிக்கல், பெயரே போடாதவர்கள். எங்கள் டாக்டர்களில் பலர் கட்டுரையின் அடியில் "பல்கலைக்கழகக் கல்லூரி, மூளை அறிவியல் துறை" என்று போட்டிருந்தார்கள். அப்படி ஒரு துறை உலகத்தில் கிடையாது. வேறு சிலர் "ஒரு நகர மருத்துவமனை" என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள்.

இவற்றை எந்தக் கணினியும் கண்டுபிடிக்காது. எண்ணக்கா கண்டுபிடித்தாள். அவள் டாக்டரைத் தேடவில்லை, நோயாளியைத் தேடினாள். "தன் செருப்புகள் தன்னை ஒட்டுக்கேட்பதாக நம்பி இருபது ஆண்டு வெறுங்காலோடு நடந்த அறுபது வயது ஆண்" என்று ஒரு கட்டுரை. "அட, செருப்புத் தாத்தா! மூணாம் வார்டு, கதவோரக் கட்டில்." "மூன்று சகோதரிகள், ஒரே நாளில் பேச்சை நிறுத்தியவர்கள்." கீழ்த்தட்டில் மூன்று கோப்பும் ஒரே கயிற்றில் கட்டி வைத்தது அவள்தான். படிக்கப் படிக்கப் பழைய ஆட்கள் வரிசையாக எழுந்து வந்தார்கள். பலர் செத்துப்போனவர்கள். பெயரும் ஊரும் இல்லாமல் வயதும் வியாதியுமாக உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கட்டுரை இங்கே நடந்தது என்று நிரூபிக்க, எழுதிய டாக்டரின் உறுதிமொழி வேண்டும். அது இல்லையென்றால் நோயாளியின் பதிவேட்டு எண் வேண்டும். அவள் உறுதிமொழித் தாள்களைத் தூக்கிக்கொண்டு வராந்தா வராந்தாவாக நடந்தாள். ஒரு டாக்டரம்மா, "என் பொண்ணோட மாமியார் வீட்ல இணையத்துல தேடிப் பார்ப்பாங்களே அக்கா" என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னொருவர், "நான் இங்கதான் வேலை பார்த்தேன்னு நீங்க எப்படி நிரூபிப்பீங்க?" என்று கேட்டார். "பதினேழாம் தேதி கேன்டீன்ல என் குடையை எடுத்துட்டுப் போயிட்டீங்க டாக்டர், இன்னும் திருப்பித் தரல" என்றாள். கையெழுத்து விழுந்தது. குடை வரவில்லை.

மூன்றரை வாரத்தில் அறுபத்தொரு கட்டுரைகள் வீடு வந்து சேர்ந்தன. முப்பத்தைந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டவை, பழையதும் புதியதுமாக, முப்பத்து நான்கு தேறின. இன்னும் ஒன்று வேண்டும். அந்த ஒன்று எது என்பதும் அவளுக்கு முதல் வாரமே தெரிந்திருந்தது. கடைசிவரை அதைத் தொடாமல் வேறு ஏதாவது அகப்படுமா என்று பார்த்தாள். அகப்படவில்லை.

தொண்ணூறு முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. "இருபத்தொன்பது வயது ஆண், அச்சகப் பிழை திருத்துபவர், உடன்பிறந்த சகோதரியின் பராமரிப்பில் இருப்பவர்" என்று தொடங்கியது.

எழுதியவர் பெரிய டாக்டர். ஓய்வு பெற்று ஊர் நடுவில் சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறார். எண்ணக்கா அரை நாள் விடுப்புப் போட்டுப் போனாள். காத்திருக்கும் அறையில் அவர் படம் போட்ட சுவரொட்டி: "மனநோயை மறைக்காதீர்கள்!" அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "அட, ரெக்கார்டு ரூம்! இன்னும் ரிட்டயர் ஆகலியா நீ?" தாளை வாங்கிப் படித்தார். மேசைமேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதேம்மா."

"ஏன் டாக்டர்? நம்ம இடத்துல நடந்ததுதானே?"

"நம்ம இடத்துலதான். ஆனா நான் அங்க இருந்ததே இங்க வர்றவங்களுக்குத் தெரியாது. வெளியில நரம்பியல் நிபுணர்னு போட்டிருக்கேன் பார்த்தியா? அந்த ஆஸ்பத்திரி பேரைப் பார்த்தா நோயாளி வரமாட்டாங்க."

"உங்ககிட்ட வர்றவங்களும் அதே நோயாளிங்கதானே டாக்டர்?"

"அதே நோயாளிங்கதான். பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட வரமாட்டாங்க, அவ்வளவுதான்." தன் பேச்சு தனக்கே பிடிக்காததுபோல மேசைமணியைத் தட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நான் வேணாம்மா. பதிவேட்டு எண்ணைப் போட்டுடு. அது போதும்னு விதியில இருக்கே! உனக்குத் தெரியாத எண்ணா? அந்தப் பையன்... கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு என் மருந்துச் சீட்டுல எழுத்துப்பிழை கண்டுபிடிப்பான். இப்ப இருக்கானா?"

"இருக்கான் டாக்டர். என் தம்பி அவன்."

பெரிய டாக்டர் கட்டுரையை எழுதும்போது "சகோதரி" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரியிடம்தான் தினமும் கோப்பு வாங்கியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு இன்றுதான் நேரம் கிடைத்தது. "ஓ" என்றார்.

விதியில் இருந்தது உண்மை. எண்ணைப் போட்டால் பொய்யில்லை. முப்பத்தைந்து என்பது சுத்தமான முப்பத்தைந்து. ஆனால் பதிவேட்டு எண்கள் ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் அச்சாகும், அது நிலையத்தின் இணையதளத்தில் ஏறும். இன்ன எண் நோயாளிதான் அந்தக் கட்டுரையின் ஆள் என்று நிலையத்தில் துப்புரவுக்காரர் முதல் எல்லோருக்கும் தெரியவரும், இணையத்தைத் தட்டத் தெரிந்த யாருக்கும் கட்டுரை திறக்கும். தம்பிக்குத் தெரியாமலே போட்டுவிடலாம். அவன் வார்டுக்குப் போகாமல் இருக்க அவனையே அந்தப் பின்னிணைப்பில் ஒரு வரியாகக் கொடுப்பது. பேருந்தில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்து, ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கினாள்.

வியாழக்கிழமை அது. செவிலி ஊசி போட்டுவிட்டுப் பஞ்சைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, எண் வந்துடுச்சா? வார்டு சிஸ்டர்ஸ் எல்லாம் பேசிக்கறாங்க. இரண்டாம் தரம் ஆயிட்டா என்னை ஊசி ஜன்னல்ல போட்டுடுவாங்களாம். எனக்கென்ன, நடை மிச்சம். இவரு?"

"வரிசைக்கு நான் வரமாட்டேன்" என்றான் தம்பி. ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, சாதாரணமாக.

செவிலி போன பிறகு எண்ணக்கா கட்டுரையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இது நீதான். படிச்சுட்டுச் சொல்லு" என்றாள். விஷயம் முழுவதையும் சொன்னாள். போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இரண்டையும் சொன்னாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவன் பென்சில் கேட்டான். பதினான்கு பக்கத்தையும் பென்சிலோடு படித்தான். அவள் அடுப்படிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

"எட்டுப் பிழை" என்றான் கடைசியில். "அஞ்சு அச்சுப்பிழை. மூணு பொய்."

"பொய்யா?"

"எனக்கு இருபத்தொன்பது இல்ல, அப்ப முப்பது. அம்மா செத்ததுக்கு நான் அழலன்னு எழுதியிருக்காரு. அழுதேன். அவரு அன்னிக்கு லீவு. மூணாவது இது, கடைசிப் பத்தி. 'இத்தகையோர் பழைய தொழிலுக்குத் திரும்புவது சாத்தியமில்லை.' இதைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க போல."

அவள் குனிந்து அந்தக் கடைசிப் பத்தியைப் படித்தாள்.

"தொண்ணூறு பேருக்கா. தொண்ணூறு பேர் நான் சொல்லாததைச் சொன்னதா எடுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தன்கூட, அந்த ஆள் இப்ப எப்படி இருக்கான்னு ஒரு கடுதாசி போடல."

"உன் பேரு வராது. எண்ணு மட்டும்தான்."

"பேரு வந்தாக்கூடப் பரவாயில்ல. இந்தக் கட்டுரைக்கு நான் சாட்சின்னு ஆகுமே? அது நான் இல்லக்கா. போடாதே."

"போடலன்னா வரிசைக்குப் போகணும்டா."

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். "தெரியுது" என்றான். "போடாதே."

அவளுக்குக் கோபம் வந்தது. இருபது ஆண்டாகச் சேர்த்துவைத்த கோபம், ஒரு நிமிடம் அடித்து ஓய்ந்தது. "உனக்கென்ன, சொல்லிட்டே! வரிசையில யார் நிக்கறது, பாதியில நீ ஓடினா பின்னால யார் ஓடறது? எனக்கு அம்பத்தாறு வயசு!" என்று கத்தினாள். அவன், "மெதுவா ஓடறேன்க்கா" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

அறிக்கை கொடுக்கவேண்டிய காலையில் இயக்குநர் தாளைக் கையில் வாங்கி, எண்ணை மட்டும் பார்த்தார்.

"முப்பத்து நாலா? ஒண்ணே ஒண்ணாம்மா! பெரிய டாக்டர் போன் பண்ணாரே, பதிவேட்டு எண் போட்டா ஆச்சுன்னாரே?"

"அந்த நோயாளி வேண்டாம்னுட்டார் சார்."

"நோயாளியைக் கேட்டீங்களா?" இயக்குநருக்கு உண்மையிலேயே வியப்பு. முப்பதாண்டு மனநல மருத்துவத்தில் கட்டுரைக்காக ஒரு நோயாளியைக் கேட்ட கதையை அவர் கேட்டதில்லை. "கேட்டா வேண்டாம்னுதானே சொல்வாங்க!"

"ஆமா சார்."

"உங்க தம்பியும் அந்தத் திட்டத்துலதான் இருக்காருன்னு செவிலி சொன்னாங்களே."

"ஆமா சார்."

இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். தாளில் தன் கையெழுத்தைப் போட்டார். "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். அவர் அறையில் யாருக்கும் டீ கொடுக்கும் வழக்கம் இல்லாததால் அது வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபோது ஆறியிருந்தது. இருவரும் குடித்தார்கள்.

நிலையம் இரண்டாம் தரம் ஆயிற்று. மூன்றாம் மாதம் வீட்டு வருகை நின்றது. மண்நல நிலையம், நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் திரும்பி வந்ததில், நாட்டிலேயே முதல் பத்துக்குள் ஏறி, நன்றி தெரிவித்து ஒரு கடிதம் எழுதியது. கடிதம் தபால் குழப்பத்தில் அவர்களுக்கே திரும்பிப் போய், இரண்டாம் முறை வந்தது.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை எண்ணக்கா அரை நாள் விடுப்பு எடுக்கிறாள். முதல் முறை தம்பி வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். சொன்ன வாக்குப்படி மெதுவாகத்தான் ஓடினான். இரண்டாம் முறை பாதி வரிசை வரை நின்றான். ஊசி ஜன்னலில் இருந்த செவிலி பார்த்துவிட்டு, ஊசியோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் போட்டுவிட்டுப் போனாள். விதிப்படி அது தப்பு. மூன்றாம் முறை கடைசிவரை நின்றான். நான்காம் முறை நிற்கவில்லை. ஐந்தாம் முறை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டம்மாள், "லீவு முடிஞ்சுடுச்சா, ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டதற்கு எண்ணக்கா, "ஆஸ்பத்திரிக்கு" என்றாள். எந்த ஆஸ்பத்திரி என்று அந்தம்மாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து பெயரில் எதைச் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது.

அந்த ஆண்டு அவள் தன் கையால் சேர்த்திருந்த நூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளைத் தன் கையால் எடுத்தாள். அறுபத்தொன்றைத் தேடிச் சேர்த்தாள். தம்பி வேண்டாம் என்ற ஒன்றைச் சேர்க்கவில்லை.